விருதைப் பறிச்சவள்

ஓம் பிள்ளை, ஒட்டாவாக்குத்தான். மகன் வீட்டை போறன். நீர்? படிக்கவோ? நல்லது. வடிவா இரும், இந்தப் பையை நான் காலுக்குக் கீழ வைக்கிறன். பஸ்ஸில தமிழ்ப் பிள்ளை ஒண்டு பக்கத்தில வந்தது என்ர நல்ல காலம். முந்தி ஒருக்கா மொன்றியல் போகேக்க பக்கத்தில ஒரு வெள்ளைக்காரன், முழு வழியும் குறட்டை.

மகன் என்ன செய்யிறான் எண்டோ? அதுதான் எல்லாரும் கேக்கிற கேள்வி. உமக்கு லக்ரோஸ் எண்டால் என்னெண்டு தெரியுமோ? தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நீளக் கம்பு, நுனியில சின்ன வலைப்பை. அந்த வலையில பந்தை ஏந்தி, ஓடி, எறிஞ்சு, கோலுக்குள்ள போடவேணும். பந்து றப்பர் எண்டு பேர், ஆனால் கல்லு. ஐஸ் ஹொக்கி விளையாடுற இடத்தில பச்சைக் கம்பளத்தை விரிச்சுப்போட்டு விளையாடுவினம். சுத்திவர மரச்சுவர். ஒருத்தனை ஒருத்தன் அந்தச் சுவரோட சேர்த்து இடிப்பாங்கள். சனம் எழும்பி நிண்டு கை தட்டும்.

அந்த விளையாட்டில இந்தமுறை சீசனில முதல் ஆள் என்ர மகன். நிரோஜன். நான் பெத்ததால சொல்லேல்லை, பேப்பரில போட்டவங்கள். ஒவ்வொரு சீசனும் எல்லா ரீமிலயும் பாத்து ஒருத்தனைத் தெரிஞ்சு, இந்த வருசத்தின்ர அதிபெறுமதியான ஆட்டக்காரன் எண்டு விருது குடுப்பினம். எம்.வி.பி. எண்டு சொல்லுறது. கோச்மாரும் பேப்பர்காரரும் வோட் போடுவினம். அது அவனுக்குத்தான் வரவேண்டியது. வரேல்லை. ஏன் வரேல்லை எண்டு சொல்லட்டோ? என்ர மருமகள்.

இல்லை, நான் சண்டைக்காரி இல்லை. நடந்ததைச் சொல்லுறன், கேட்டுப்போட்டு நீரே சொல்லும்.

அவனுக்குப் பதினாறு வயசில தகப்பன் செத்துப்போனார். அவர் இருக்கேக்கையும் அவனை விளையாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறது நான்தான். பேக்கரியில வேலை எனக்கு. மா படிஞ்ச சப்பாத்தோடயே போய் அந்தக் குளிருக்குள்ள குந்தியிருப்பன். மற்றத் தாய்மார் வெள்ளைக்காரியள், போர்வையும் கோப்பியுமா வருவாளவை. ஒருத்தியும் என்னோட கதைக்கமாட்டாள். நிரோ கோல் போடத் தொடங்கின பிறகு கதைச்சாளவை. அதை நான் மறக்கேல்லை.

பேந்து பெரிய ரீமில சேர்ந்தான். ஹார்பர் ஹோக்ஸ். அங்க சேர்ந்தாலும் அதில மட்டும் சீவிக்க ஏலாது பிள்ளை, ஹொக்கி மாதிரி இல்லை. கிழமை நாளில பள்ளிக்கூடத்தில உடற்பயிற்சி படிப்பிக்கிறது, வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுறது, ஞாயிறு காயத்தோட வந்து இறங்கிறது. அதுதான் எங்கட சனத்துக்கு விளங்காது. என்ர மனிசன்ர தமக்கை ஒருத்தி இருக்கிறா, செல்வநாயகி மச்சாள். அவவின்ர மகன் பல் டொக்டர். எந்தக் கலியாண வீட்டில கண்டாலும், "தவம், உம்மட பெடியன் இன்னும் விளையாட்டுத்தானோ?" எண்டு கேப்பா. அந்த 'இன்னும்' இருக்கே, அதை நாக்கில வைச்சு உருட்டிப்போட்டுத்தான் வெளியில விடுவா.

அப்பிடி இருக்கேக்கதான் இந்தச் சீசன் வந்தது. என்ன விளையாட்டு! கோல் போடுறதிலயும் முதல், மற்றவைக்குப் பந்து குடுத்து கோல் போடுவிக்கிறதிலயும் முதல். ரெண்டுக்கும் ஒவ்வொரு பொயின்ற். மேற்குப் பக்கத்து ரீமில ஒரு செம்பட்டைத் தலையன், கைல் எண்டு பேர், அவன் ஒருத்தன்தான் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தவன். இவன் நாலு போட்டால் அவன் மூண்டு. எனக்கு இரவில நித்திரை இல்லை. அவன்ர மட்ச்சையும் போனில பாத்து, அவன் தவறவிட வேணும் எண்டு முருகனுக்கு நேத்தி வைச்சனான். சிரிக்கிறீர். சிரியும்.

தமிழ் ரேடியோக்காரர் என்னை எடுத்துக் கதைச்சவை. "ஒரு தாயா உங்கட மனநிலை என்ன அம்மா?" எண்டு கேட்டினம். "அவனுக்கு வந்தால் எங்கட சனத்துக்கே வந்த மாதிரி" எண்டு சொன்னன். அண்டைக்குப் பின்னேரம் மச்சாள் தானா போன் எடுத்தா. எனக்கு நெஞ்சில பால் வாத்த மாதிரி இருந்தது. அடுத்தநாளே போய் மார்க்கம் றோட்டில ஒரு ஹோல் புக் பண்ணினன். கேக்குக்கும் சொல்லிப்போட்டன், லக்ரோஸ் கம்பு வடிவத்தில.

அப்ப சீசன் முடிய இன்னும் ரெண்டு மட்ச் கிடந்தது.

முதல் மட்ச்சில, சுவரோரம் கிடந்த பந்தை எடுக்கக் குனிஞ்சவன். முதுகுப் பக்கத்தால ஒருத்தன், மலை மாதிரி, ஓடிவந்த வேகத்தில இடிச்சான். தலை போய் மரத்தில மோதிச்சுது. மேல கடைசி வரியில இருந்த எனக்குச் சத்தம் கேட்டது. கிடந்தான். நான் எழும்பி நிண்டிட்டன். பேந்து அவனும் எழும்பினான். சனம் கை தட்டிச்சுது. எழும்பினவன் நேர மற்ற ரீம் குந்தியிருக்கிற வாங்குக்குப் போயிட்டான். அவங்களில ஒருத்தன் சிரிச்சுக்கொண்டு தோளைப் பிடிச்சுத் திருப்பிவிட்டான். சனமும் சிரிச்சுது. நானும் சிரிச்சனான்.

அந்த நேரம் மருமகள் இஞ்ச இல்லை. ஷாமினி. எங்கட ஆக்கள்தான், தாய் தகப்பன் ஒட்டாவா. தாய்க்கு ஒப்பரேஷன் எண்டு பாக்கப் போயிருந்தவள். அவள் அப்ப பிள்ளைத்தாச்சி, அஞ்சு மாசம். அதால நிரோ என்ர வீட்டை வந்து நிண்டான். அது கடவுள் செயல் எண்டுதான் நான் நினைச்சன். தாயை விட ஆர் பாப்பினம்?

வந்தவுடனே, "அம்மா, லைற்றை நூத்துவிடுங்கோ" எண்டான். கண் கூசுதாம். பேஸ்மென்றில படுக்க விட்டு, யன்னலுக்குப் போர்வை கட்டினன். மல்லித் தண்ணி அவிச்சுக் குடுத்தன், குடிச்சதெல்லாம் வெளியில வரச் சத்தி எடுத்தான். ரசம் வைச்சன், அதையும் எடுத்தான். பழக்கமில்லாத சாப்பாடெல்லே, இவள் அவனுக்கு எந்த நாளும் சலட் குடுத்துப் பழக்கிப்போட்டாள். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் எண்டு சொல்லச் சொன்னன். ஒருநாள் விடிய மேல ஏறி வந்து குசினி வாசலில நிண்டு, "அப்பா வேலையால வந்திட்டாரோ?" எண்டு கேட்டான். கனவு கண்டிருக்கிறான். இவ்வளவு வருசமாகியும் தகப்பனை மறக்கேல்லை பாரும். பாசமான பிள்ளை.

என்ன? எத்தினை நாள் சத்தி எடுத்தவனோ? நான் என்ன எண்ணிக்கொண்டோ இருந்தனான்? அந்தக் கிழமை முழுக்க, விட்டு விட்டு. ஏன் கேக்கிறீர்?

ஓ. நேர்சிங் படிக்கிறீரோ. அதை முதலே சொல்லியிருக்கலாமே.

சரி, சொல்லுறன், கேளும். நீர் படிக்கிற புத்தகத்தில இருக்கிறதெல்லாம் ஷாமினிக்கும் தெரியும், அவள் பார்மசியில வேலை. ஒவ்வொரு நாளும் போன். "மாமி, நிரோ ஏன் போன் எடுக்கிறார் இல்லை?" பிராக்டிஸ் எண்டன். "அவருக்குத் தலையில அடி பட்டதெண்டு சொல்லுகினம்." இந்த விளையாட்டில அடி படாத நாள் இருக்கோ எண்டன். "சத்தி எடுத்தவரோ மாமி? உண்மையைச் சொல்லுங்கோ." இல்லை எண்டன். பிள்ளைத்தாச்சிப் பெட்டையைப் பயப்பிடுத்தக் கூடாது தானே. அவளின்ர நன்மைக்குத்தான்.

நிரோவும் ஒருக்காக் கேட்டவன்தான். கட்டிலில இருந்து, தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு, "அம்மா, எனக்கு ஏலாமக் கிடக்கு. கோச்சுக்குச் சொல்லட்டோ?" எண்டான்.

நான் பக்கத்தில இருந்து முதுகைத் தடவினன். "ஒரு மட்ச் தம்பி. ஒரே ஒரு மட்ச். அந்தச் செம்பட்டையன் உனக்கு மூண்டு பொயின்ற்தான் பின்னால நிக்கிறான். நீ விளையாடாமல் நிண்டுட்டியெண்டால் அவன் விருதைக் கொண்டு போயிடுவான். பேந்து நீ ஒரு மாசம் படு, அம்மா எழுப்பமாட்டன்."

போர்வையை இழுத்துத் தலையை மூடினான். பேந்து, "சரி அம்மா" எண்டான்.

அவன் சொன்னவன் பிள்ளை. அவன்ர வாயால சொன்னவன். நான் கட்டாயப்படுத்தேல்லை.

ஆனால் விளையாட விடமுன்னம் ரீம் டொக்டர் சோதிப்பா. தலையில அடி பட்ட ஆக்களுக்கெல்லாம் அப்பிடித்தானாம். கொஞ்சம் சொல்லுகள் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுவா. மாசங்களைப் பின்பக்கமா டிசம்பரில இருந்து சொல்லச் சொல்லுவா. அதுக்கு நான் அவனை ஆயத்தப்படுத்தினன். ஊரில ஸ்கொலசிப் சோதினைக்குப் பிள்ளையளோட இருந்து படிப்பிக்கிற தாய்மாரைப் பாத்திருப்பீர், அதே மாதிரி. குசினி மேசையில, லைற்றை நூத்துப்போட்டு, அடுப்படி வெளிச்சத்தில.

"டிசம்பர், நவம்பர், ஒக்ரோபர்..." எண்டுவான். பேந்து, "நவம்பர்."

"இல்லை தம்பி, பின்னால போ."

"ஒக்ரோபர்... நவம்பர்."

நான் ஒரு வழி கண்டுபிடிச்சன். ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு அடையாளம் வைச்சுக் குடுத்தன். செப்ரெம்பர் உன்ர பிறந்தநாள். ஓகஸ்ட் அப்பான்ர திவசம். ஜூலை ஊரில எங்கட சனத்தை அடிச்ச கலவரம், அதை இவனுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன். ஜூன் பள்ளிக்கூடம் முடியிறது. மே உங்கட கலியாணம். ஏப்ரல் இப்ப, இந்த மாசம், உன்ர மாசம், நீ வெல்லப்போற மாசம். அப்பிடி அப்பிடி ஜனவரி மட்டும் கொண்டு வந்து சேர்த்தன். மூண்டு நாள் எடுத்தது. ஒருக்கா மேசையில தலையை வைச்சு அழுதான். அப்பவும் நான் விடேல்லை. தண்ணி குடுத்து, முகம் துடைச்சு, "முதலில இருந்து" எண்டன்.

போய்ச் சோதினை பாஸ். வந்து சொன்னவுடனே தேங்காய் உடைச்சனான்.

கடைசி மட்ச் எங்கட அறீனாவில. ஷாமினி அண்டைக்குப் பின்னேரம் றெயினில வந்து நேர அங்க வந்திட்டாள். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு படி ஏறி வந்து எனக்குப் பக்கத்தில இருந்தாள். வந்தவுடனே, "நிரோ எப்பிடி இருக்கிறார்?" எண்டு கேட்டாள். நீயே பாரன் எண்டு கையைக் காட்டினன். கீழ பெடியன்கள் சுத்தி ஓடிப் பந்து எறிஞ்சு பழகிக்கொண்டு நிக்கிறாங்கள். நிரோ ஒரு ஓரத்தில, மரச்சுவருக்கு மேல இருக்கிற கண்ணாடியில கை வைச்சுக்கொண்டு நிண்டான்.

"ஏன் ஓடாமல் நிக்கிறார்?"

"களைப்பாறுறான்."

"இன்னும் தொடங்கவே இல்லையே மாமி."

அவள் பிறகு மட்ச்சைப் பாக்கேல்லை பிள்ளை, அவனை மட்டும்தான் பாத்துக்கொண்டிருந்தாள். அவன் பந்தைத் தவறவிட்டால் இவளின்ர விரல் என்ர கையில இறுகும். எனக்கு எரிச்சல். இப்பிடி ஒருத்தி கண்ணூறு படுத்தினால் என்னெண்டு விளையாடுறது?

ஆனால் விளையாடினான்! முதல் கோல் அவன்தான். ரெண்டு பேருக்கு நடுவில புகுந்து, முதுகுப்பக்கத்தால எறிஞ்ச பந்து, காவல் நிண்டவன் திரும்பிப் பாக்கமுன்னம் வலைக்குள்ள. கொஞ்ச நேரத்தில ரெண்டாவது. அறீனா முழுக்க "நி-ரோ, நி-ரோ" எண்டு கத்துது. வெள்ளைக்காரன், கறுப்பன், சீனன், எல்லாரும் என்ர பிள்ளையின்ர பேரைக் கத்துறாங்கள். எனக்குத் தலைகால் தெரியேல்லை. ஷாமினியின்ர தோளைப் பிடிச்சு உலுக்கிக்கொண்டு கத்தினன், "பாத்தியே, பாத்தியே! கிழமை முழுக்க சத்தி எடுத்துக்கொண்டு கிடந்தவன், எப்பிடி எறியிறான் பார்!"

வாய் தவறி வந்திட்டுது.

அவள் என்னைப் பாத்தாள். கத்தேல்லை, கேள்வி கேக்கேல்லை. எழும்பினாள். அந்த நேரம் பாத்து கீழ ஒருத்தன் நிரோவை இன்னொருக்காச் சுவரோட இடிச்சான். பெரிய இடி இல்லை, சின்ன இடிதான், நான் பாத்தனான். அவன் முழங்காலில இருந்து எழும்பினான். இவள் படியில ஓடத் தொடங்கிட்டாள். அந்த வயித்தோட. நான் எட்டி அவளின்ர கையைப் பிடிச்சனான். விழுந்திடுவாள் எண்டுதான் பிடிச்சனான். உதறிப்போட்டுப் போயிட்டாள்.

நான் கீழ போய்ச் சேரக்குள்ள முதல் கால்வாசி மட்ச் முடிஞ்சு மணி அடிச்சிட்டுது. உடுப்பு மாத்திற அறைக்கு வெளியில ஒரு ஒடுங்கின நடை. அதில கோச், நிரோ, ஷாமினி. கோச் ராண்டல் எண்டு, நல்ல மனிசன், ஆனால் அவசரக்காரன். நிரோவைக் கேட்டார், "சுகமா இருக்கிறியோ?" "ஓம் கோச்" எண்டான் அவன். ஷாமினி, இல்லை, இவர் ஒரு கிழமையா வருத்தத்தில கிடந்தவர், இவரை விடாதீங்கோ எண்டு இங்கிலிசில சொல்லிக்கொண்டே நிக்கிறாள். கோச்சுக்கு ஆரை நம்புறதெண்டு தெரியேல்லை. என்னைக் கண்டவுடனே என்ர பக்கம் திரும்பினார்.

"மிஸ்ஸிஸ் யோகா" எண்டார், என்ர மனிசன்ர பேரைச் சுருக்கி அப்பிடித்தான் கூப்பிடுறவர். "உங்கட வீட்டிலதானே நிண்டவன். இவனுக்கு வருத்தம் இருந்ததோ?"

எல்லாரும் என்னைப் பாக்கினம். நிரோவும் பாக்கிறான். ஹெல்மெற்றைக் கையில வைச்சிருக்கிறான், முகமெல்லாம் வேர்வை. ரெண்டு கோல் போட்டாச்சு. இன்னும் ரெண்டோ மூண்டோ, அவ்வளவுதான். நீர் சொல்லும் பிள்ளை, அந்த இடத்தில ஒரு தாய் என்ன சொல்லுவாள்?

நான் சொன்னன், "அவன் சுகமா இருக்கிறான். சின்னத் தடிமன்தான். அவன் பலமான பெடியன்."

கோச் தலையாட்டினார். நிரோ ஹெல்மெற்றைப் போடப் போனான். அப்பதான் இவள் அந்த வேலை செய்தாள். அவன்ர கையைப் பிடிச்சு இழுத்து, தன்ர வயித்தில வைச்சாள். வைச்சுப்போட்டுத் தமிழில கேட்டாள், மெல்லமா:

"நிரோ, இது எத்தினையாம் மாசம்?"

அவன் அவளைப் பாத்தான். தன்ர கையைப் பாத்தான். யோசிச்சான்.

"ஏப்ரல்" எண்டான்.

ஷாமினி கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் சொன்னன், "சரியாத்தானே சொன்னவன்! ஏப்ரல்தானே!" ஆர் கேக்கினம்? கோச், என்ன சொன்னவன், என்ன சொன்னவன் எண்டு கேட்டார். இவள் அழுதுகொண்டு இங்கிலிசில சொன்னாள். அந்த மனிசன்ர முகம் மாறிச்சுது. நிரோவின்ர கையில இருந்து ஹெல்மெற்றை வாங்கினார். அவனும் குடுத்திட்டான், சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமானைக் குடுக்கிற மாதிரி. குடுத்துப்போட்டுச் சுவரோட சாஞ்சு அப்பிடியே நிலத்தில இருந்தான். ஏன் இருக்கிறாய் தம்பி, எழும்பு, எழும்பு எண்டு நான் சொல்லச் சொல்ல அவனுக்கு விளங்கேல்லை.

அம்புலன்ஸில வலிப்பு வந்தது. மண்டைக்குள்ள ரத்தம் கசிஞ்சு கிடந்ததாம். அண்டைக்கே தலையைத் திறந்து ஒப்பரேஷன். வெட்டின டொக்டர் பிறகு வந்து சொன்னார், இன்னும் ஒரு அடி விழுந்திருந்தால் இஞ்ச கொண்டு வரவேண்டிய தேவையே இருந்திருக்காது எண்டு. டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம். நீரும் நேர்சா வந்தால் அப்பிடித்தான் சொல்லுவீர்.

ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? தண்ணி வேணுமோ? வேண்டாமோ. சரி.

அந்தச் செம்பட்டையன் தன்ர கடைசி மட்ச்சில ஆறு பொயின்ற் எடுத்தான். வோட்டில நூலிழையிலதான் முந்தினவனாம். விருது குடுக்கிறதை நான் வீட்டில தனிய இருந்து போனில பாத்தனான். கோட்டும் போட்டு மேடையில ஏறி, கப்பைக் கையில வைச்சுக்கொண்டு, என்ர பிள்ளையின்ர பேரைச் சொன்னான். இது நிரோவுக்கு உரியது, அவன் எழும்பி வந்தால் அதே போதும் எண்டு சொல்லிப்போட்டுக் கண்ணைத் துடைச்சான். நடிப்பு. உரியதெண்டால் குடுத்திட்டுப் போகவேண்டியது தானே?

ஹோலைத் திருப்பிக் குடுக்க ஏலாதெண்டிட்டாங்கள். மச்சாள்தான் அதை எடுத்து, தன்ர பேத்தி பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீட்டைச் செய்தா. நான் போகேல்லை.

நிரோவை ஆஸ்பத்திரியில இருந்து நேர ஒட்டாவாக்குக் கொண்டு போயிட்டாள். அங்க தலையில அடி பட்ட ஆக்களைத் திரும்பப் பழக்கிற இடம் ஒண்டு இருக்குதாம், தாய் தகப்பனும் கிட்டவாம். நான் வாறன் எண்டன். "கொஞ்சம் பொறுங்கோ மாமி, அவருக்குச் சத்தம் ஆகாது" எண்டாள். அவள் மேல கோவத்தில நானும் பேசாமல் இருந்திட்டன். தானா ஒருநாள் கூப்பிடட்டும் எண்டு. பிள்ளை பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. படம் அனுப்பினாள். நிரோ ஞாயிற்றுக்கிழமையில போனில கதைப்பான், கொஞ்ச நேரம், கதிரையில இருந்து. முகம் வடிவாத்தான் இருக்கு. கொஞ்சம் மெல்லமாக் கதைக்கிறான், அவ்வளவுதான்.

இப்ப நான் ஏன் போறன் எண்டு கேளும். போன ஞாயிறு கதைக்கேக்க திடீரெண்டு அழுதான். அழுதுகொண்டு சொல்லுறான்:

"அம்மா, எனக்கு அந்தக் கிழமை ஒண்டுமே ஞாபகம் இல்லை. ஷாமினிதான் எல்லாம் சொன்னவள். நீங்கள்தானாம் கோச்சிட்டப் போய் உண்மையைச் சொல்லி என்னை நிப்பாட்டினீங்கள். விருது போனாலும் பரவாயில்லை, என்ர பிள்ளை வேணும் எண்டு சொன்னீங்களாம். நீங்கள் இல்லாட்டி நான் என்ர மகளைத் தூக்கியிருக்கமாட்டன் அம்மா."

விளங்குதோ உமக்கு? நிப்பாட்டினவள் அவள். விருதைப் பறிச்சவள் அவள். பறிச்சுப்போட்டு, பழியைக் கொண்டுவந்து என்ர தலையில கட்டிப்போட்டாள்! எவ்வளவு கெட்டித்தனம் பாரும். நாளைக்கு அவனுக்கு விருதை நினைச்சு மனம் நொந்தால் ஆரை நினைப்பான்? என்னை. அம்மாதான் விளையாட விடேல்லை எண்டு நினைப்பான். அவளோட சந்தோசமா இருப்பான். ஊர் முழுக்க வேற சொல்லியிருக்கிறாள். கோயிலில சனம் வந்து என்ர கையைப் பிடிக்குது. மச்சாள் கட்டிப்பிடிச்சு அழுதா, "தவம், நீர்தான் தாய்" எண்டு. ரேடியோக்காரர் திருப்பி எடுத்தவை. நான் உடம்பு சரியில்லை எண்டு வைச்சிட்டன்.

அதுதான் ரிக்கெற் எடுத்தனான், வாறன் எண்டு மட்டும் அறிவிச்சனான். நேர முகத்துக்கு நேர சொல்லப் போறன். தம்பி, நான் உன்னை நிப்பாட்டேல்லை. கடைசி வரைக்கும் உனக்காக நிண்டவள் நான்தான். கோச் கேட்டபோதும் விடுங்கோ எண்டு சொன்னவள் நான்தான். இவ்வளவும் சொல்லிப்போட்டு, அவன்ர கண்ணுக்கு முன்னால வைச்சு அவளைக் கேக்கப்போறன், ஏனடி பொய் சொன்னனி எண்டு.

என்ன? சொல்லவேண்டாமோ?

ஏன் சொல்லவேண்டாம்? நீர் ஆர் அதைச் சொல்ல? சின்னப் பிள்ளை, உமக்கென்ன தெரியும். இல்லை, கோவம் இல்லை. கையை விடும். நான் அழேல்லை. இந்த பஸ் ஹீற்றர் கண்ணுக்கு ஒத்துவராது.

அவள் ஏன் அப்பிடிச் சொன்னவள் எண்டு நீர் நினைக்கிறீர்? இல்லை, சொல்லவேண்டாம். எனக்குத் தேவையில்லை.

வந்திட்டுதுபோல. ஓம், இதுதான் ஸ்ரேஷன். சனம் எழும்புது. பொறும், பொறும், அந்தக் கண்ணாடியை ஒருக்காத் துடையும், பனிப் புகார் பிடிச்சிருக்கு. அங்க பாரும், அந்தத் தூணடியில. அவள்தான், நீலக் கோட். பிள்ளை நெஞ்சோட கட்டியிருக்கிறாள். பக்கத்தில நிரோ. கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான், வெயிலும் இல்லையே. வாறான் பாரும். நடந்து வாறான்...

ஏன் அவளின்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு வாறான்?

ஒரு காலை இழுக்கிறான் பிள்ளை. போனில எனக்கு அது தெரியேல்லை. கதிரையில இருந்துதானே கதைச்சவன்.

பாரும், பக்கத்து பஸ்ஸுக்குக் கை காட்டுறான். இந்த பஸ் கண்ணாடி கறுப்பெல்லே, உள்ளுக்கு இருக்கிற ஆக்களை வெளியில தெரியாது, அதுதான். ஆருக்கும் பிழைக்கும். ஆருக்கும்...

அவள் பிடிச்சுத் திருப்பிவிடுறாள்.

சிரிக்கிறான். என்னைக் காணேல்லை, ஆனால் இந்த பஸ்ஸைப் பாத்துச் சிரிக்கிறான்.

நீர் இறங்கும் பிள்ளை, உமக்கு நேரம் போகுது. அந்த மனிசனிட்ட ஒரு சொல்லுச் சொல்லிவிடும், டிரைவரிட்ட, உள்ளுக்க இன்னும் ஒரு ஆள் இருக்கெண்டு. நான் கொஞ்சம் இருந்துபோட்டு இறங்குறன்.